ஸ்மார்ட் பிளக் வாங்குமுன் ஒரு சின்னக் கணக்கு

வேலையிடத்தில் இருந்தபடியே வீட்டு வாசல் விளக்கைப் போடலாம்; அணைக்க மறந்த மின்விசிறியைக் கைப்பேசியிலேயே அணைக்கலாம். இந்த வசதிக்காகவே 'ஸ்மார்ட் பிளக்' இன்று நகரத்து அடுக்குமாடிகளிலும் தோட்டத்து வீடுகளிலும் இடம்பிடித்து வருகிறது. ஆனால், அது எவ்வளவு மின்சாரத்தைத் தாங்கும் என்பதைப் பார்த்து வாங்குபவர்கள் குறைவு.

இதற்கான கணக்கு எளிது. நம் நாட்டில் வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். ஸ்மார்ட் பிளக்கில் 10 ஆம்பியர் என்று எழுதியிருந்தால், அது தாங்கும் உச்ச அளவு 2,300 வாட். விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி ஆகியவற்றுக்கு இது தாராளம். 2,200 வாட் மின்கெத்தலைப் பொருத்தினாலோ விளிம்பைத் தொட்டுவிடும். 16 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும், நம் வீட்டுச் சுவரில் உள்ள மூன்று துளை சாக்கெட் 13 ஆம்பியருக்கு மட்டுமே ஆனது. குளியலறை ஹீட்டர் 3,600 வாட் என்றால் ஏறக்குறைய 16 ஆம்பியர் இழுக்கும். அதற்குத் தனி வயர் இணைப்பு வேண்டும். பிளக்கில் மாட்டவே கூடாது.

பிளக்கின் உள்ளே 'ரிலே' எனும் சிறிய சுவிட்ச் இருக்கிறது. சுமை மீறினால் அதன் உலோக முனைகள் சூட்டில் ஒட்டிக்கொள்ளக்கூடும். அப்போது கைப்பேசி 'அணைந்தது' என்று காட்டினாலும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எனவே துணி தேய்க்கும் பெட்டி, அடுப்பு போன்ற சூடேறும் பொருள்களை ஆளில்லாத வீட்டில் தூரத்திலிருந்து இயக்காதீர்கள். பழுதுபார்க்கும்போது பிளக்கைக் கழற்றிய பிறகே கை வையுங்கள்.

வாங்கும்போது சிரிம் முத்திரை உள்ளதா என்று பாருங்கள். எக்ஸ்டென்ஷன் வயரில் செருகாமல், நேராகச் சுவர் சாக்கெட்டில் பொருத்துங்கள். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு, கருகல் வாடை, பழுப்புக் கறை ஆகியவற்றில் எது தென்பட்டாலும் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கை மாற்றிவிடுங்கள். மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும்போது பிளக் தானாக இயங்காதபடி செயலியில் மாற்றி வைப்பதும் நல்லது.

சுவரிலேயே பதிக்கும் ஸ்மார்ட் சுவிட்ச் வேறு வகை. அவற்றில் பலவற்றுக்கு 'நியூட்ரல்' வயர் தேவை. பழைய வீடுகளின் சுவிட்ச் பெட்டியில் அது பெரும்பாலும் இருக்காது. அதற்குப் பதிலாக எர்த் வயரை இணைப்பது உயிருக்கே ஆபத்து. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனை அழைத்து இந்த வேலையை ஒப்படையுங்கள்.

பகலில் வீட்டில் தனியாக இருக்கும் தாத்தா பாட்டிக்குக் கைப்பேசிச் செயலி தெரிய வேண்டியதில்லை. மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, அதை எப்படி அணைப்பது என்பதை மட்டும் இன்றே காட்டி வையுங்கள்.