துடைத்த பின்னும் முகம் இருக்கட்டும்

சென்ற ஆண்டுக் கல்லறைத் திருநாளுக்குச் சில நாட்கள் முன்னர், நமது பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் ஒரு படத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். விபத்தில் இறந்துபோன தம் மகனின் படம் அது. கல்லறையில் வைப்பதற்கென்று நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் கொடுத்துப் பெரிதாக்கிச் சட்டமிட்டு வாங்கியிருந்தார். படம் பளிங்குபோல் துலங்கியது. கன்னத்தில் ஒரு மறு இல்லை, கண்கள் மின்னின. "நன்றாகத்தானே இருக்கிறது, அம்மா?" என்றோம். அவர் தலையை அசைத்தார்.

"படம் நல்லாத்தான் இருக்கு, சாமி. ஆனா இது எம்மகன் இல்லையே!" என்றார்.

அவர் கூறியது உண்மையே. சிறுவயதில் கிணற்றடியில் விழுந்ததால் அந்த இளைஞனின் இடப்புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. படத்திலே அது இல்லை. தங்கையின் திருமண வரவேற்பன்று, மங்கிய விளக்கொளியில் கைப்பேசியால் எடுத்த படம் அது. மணலைத் தூவினாற்போல் புள்ளி புள்ளியாய் இருந்த படத்தை ஸ்டூடியோவினர் நல்லெண்ணத்துடன்தான் துடைத்தனர். ஆனால் புள்ளியோடு சேர்த்து முகத்தையும் துடைத்துவிட்டனர்.

இன்று நம் வீடுகள் ஒவ்வொன்றிலும் கைப்பேசி உண்டு. படத்தைத் திருத்தும் கருவிகளும் அதிலேயே உண்டு. ஆதலின் இந்தத் துடைத்தலும் கூர்மையாக்கலும் எவ்வாறு நிகழ்கின்றன, எவ்விடத்தில் நிறுத்த வேண்டும் என்பதை நமது குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம்.

முதலில், அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன? படக்கலைஞர் இதனை 'நாய்ஸ்', அதாவது இரைச்சல் என்பர். ஒளியானது துகள் துகளாக வந்து விழுவது. முற்றத்தில் நூறு கிண்ணங்களை வரிசையாக வைத்திருப்பதாக எண்ணிக்கொள்வோம். சிறு தூறல் விழுந்து உடனே நின்றுவிட்டால் ஒரு கிண்ணத்தில் பத்துத் துளி இருக்கும். அடுத்ததில் ஆறே துளி இருக்கும். அடைமழை பெய்தாலோ எல்லாக் கிண்ணங்களும் ஏறக்குறைய ஒன்றுபோல் நிறையும். காமிராவின் சென்சாரில் உள்ள நுண்ணிய கட்டங்களே அந்தக் கிண்ணங்கள். ஒரு கட்டத்தில் சராசரியாக 100 ஒளித்துகள்கள் விழுமாயின் ஏற்ற இறக்கம் சுமார் 10 இருக்கும். அது பத்தில் ஒரு பங்கு. 10,000 விழுமாயின் ஏற்ற இறக்கம் சுமார் 100; அது நூற்றில் ஒரு பங்கே. இருட்டில் எடுத்த படம் புள்ளியாய்ப் போவதன் முதற்காரணம் இதுவே. ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்துவதால் ஒளி கூடிவிடாது. கோவில் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினால் மறையுரையோடு அதன் உறுமலும் கூடுவதில்லையா? அதுபோலத்தான்.

இப்புள்ளிகளைக் குறைக்கும் வழி, அடுத்தடுத்த கட்டங்களின் மதிப்பைக் கூட்டிச் சராசரி காண்பதாகும். ஆயினும் கண்மூடித்தனமாகச் சராசரி கண்டால் புருவமும் நெற்றியும் ஒன்றாய்க் கலந்துவிடும். இதற்குத் தீர்வாக, தொமாசி, மன்டூச்சி என்னும் இருவர் 1998-ஆம் ஆண்டு பம்பாயில் நடந்த கணினிப் பார்வை பற்றிய அனைத்துலக மாநாட்டில் ஒரு முறையை வெளியிட்டனர். அருகில் உள்ளதாயும், நிறத்தில் ஒத்ததாயும் இருக்கும் கட்டங்களை மட்டுமே சேர்த்துக்கொள்வது அம்முறை. அதனால் ஓரங்கள் அழியாமல் நிற்கும். 2005-இல் புவாதெஸ், கோல், மொரேல் என்போர், அண்டை அயலில் மட்டுமன்றிப் படம் முழுவதிலும் ஒத்த பகுதிகளைத் தேடிச் சராசரி காணும் முறையைத் தந்தனர். ஒரே காட்சியை அசையாமல் நான்கு முறை எடுத்து ஒன்றாக்கினால் இரைச்சல் பாதியாகும். பதினாறு முறை எடுத்தால் காற்பங்காகும். கைப்பேசிகளின் இரவுப்படம் தெளிவாக வருவது பெரும்பாலும் இத்தகைய பல படங்களின் சேர்க்கையால்தான்.

இரைச்சலில் இருவகை உண்டு. சிவப்பும் பச்சையுமாய்த் தெரியும் நிறப்புள்ளி ஒன்று. வெளிச்சத்தில் மட்டும் வேறுபடும் புள்ளி மற்றொன்று. நிறத்தின் நுட்பத்தை நம் கண் அவ்வளவாய்ப் பகுத்தறிவதில்லை. ஆதலின் நிறப்புள்ளியைத் தாராளமாய்க் குறைக்கலாம். வெளிச்சப் புள்ளியிலோ கை கட்டுப்பட வேண்டும். தோலின் நுண்துளை, தலைமயிர், சேலையின் இழை யாவும் அங்கேதான் இருக்கின்றன. சிறிது புள்ளி எஞ்சியிருப்பதால் குற்றமில்லை.

இனிக் கூர்மையாக்கல். இது கணினிக்கு முன்பே இருட்டறையில் பிறந்த உத்தி. நெகட்டிவ்விலிருந்து மங்கலான ஒரு நகலை எடுத்து, அதனை நெகட்டிவ்வோடு சேர்த்து வைத்து அச்சிடுவர். கணினியும் அதையே செய்கிறது. படத்தை மங்கலாக்கி, மூலத்திலிருந்து அதைக் கழித்து, மிஞ்சும் வேறுபாட்டை மூலத்தோடு கூட்டுகிறது. இதனால் ஓரத்தின் இருண்ட பக்கம் மேலும் இருள்கிறது. வெளிறிய பக்கம் மேலும் வெளிறுகிறது. கண்ணுக்குக் கூர்மை தோன்றுகிறதேயன்றி, படத்தில் இல்லாத ஒரு நுட்பமும் புதிதாய்ப் பிறப்பதில்லை. அளவு மிஞ்சினால், புனிதர் சுரூபங்களில் காணும் ஒளிவட்டம்போல் ஒவ்வொரு தலையைச் சுற்றிலும் வெள்ளைக் கோடு தோன்றிவிடும்!

வரிசையும் முக்கியம். முதலில் இரைச்சலைக் குறைக்க வேண்டும். பிறகு வேண்டிய அளவுக்குப் படத்தைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வேண்டும். கூர்மையாக்கல் கடைசியில் வர வேண்டும். இமைமயிர் எது, இரைச்சற்புள்ளி எது என்று கூர்மையாக்கும் கருவிக்குத் தெரியாது. இரண்டையும் ஒன்றுபோல் தூக்கிக் காட்டும். ஆகவே கண், புருவம், உதடு ஆகிய இடங்களை மட்டும் கூர்மையாக்கிக் கன்னத்தையும் பின்புலத்தையும் விட்டுவிடுவது நன்று.

இதுவரை கூறியவை படத்தில் உள்ளதைத் துலக்கும் வழிகள். அண்மைக் காலத்தில் வந்துள்ள செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் சிலவோ, இல்லாததை இட்டு நிரப்புகின்றன. பல்லாயிரம் முகங்களைக் கண்டு பழகிய அவை, 'இங்கே இப்படி ஒரு கண் இருக்கக்கூடும்' என்று ஊகித்து வரைகின்றன. அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய 'பல்ஸ்' என்னும் கருவியிடம் 2020-ஆம் ஆண்டில் பராக் ஒபாமாவின் கட்டங்கட்டமாய்ச் சிதைந்த படத்தைக் கொடுத்தபோது, அது வெள்ளையர் ஒருவரின் முகத்தைத் தெளிவாக வரைந்து தந்தது! அந்தத் தாயின் மகனுக்கு நேர்ந்ததும் இதுவே.

கருவி மட்டுந்தான் இவ்வாறு ஊகிக்கும் என்பதில்லை. மனிதக் கண்ணும் ஊகிக்கும். 1898-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் நாள் செக்கந்தோ பியா தூரின் நகரத்துப் போர்வையைப் படமெடுத்தார். நெகட்டிவ்வில் ஒரு முகம் துலங்கக் கண்டு உலகம் வியந்தது. 1931-இல் ஜுசெப்பே என்ரி மீண்டும் அதனைப் படமெடுத்தார். அப்படங்களை மிகப் பெரிதாக்கிப் பார்த்த பிரான்சிஸ் பைலாஸ் என்னும் இயேசு சபைக் குரு, வலக்கண்ணின்மேல் பிலாத்துவின் நாணய எழுத்துக்கள் தெரிவதாக 1979-இல் அறிவித்தார். அவை பிலிமின் வெள்ளித் துகள்களும் துணியின் நெசவும் சேர்ந்து காட்டும் தோற்றமே என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தனர். இரைச்சலை உற்று நோக்குங்கால், காண விரும்புவதையே கண்டுவிடும் இயல்பு பக்தி உள்ளவர்க்கும் உண்டு. எட்டாம் கட்டளை நாவுக்கு மட்டும் உரியதன்று, படத்திற்கும் உரியது.

அந்தத் தாயின் படத்திற்கு வருவோம். ஸ்டூடியோவுக்குச் சென்றது வாட்ஸ்அப் வழியாக வந்து சுருங்கிய நகல் என்று விசாரித்ததில் தெரிந்தது. மூலப்படம் தங்கையின் கைப்பேசியில் பத்திரமாய் இருந்தது. அதனைக் கணினியில் ஏற்றி, நிறப்புள்ளியை முற்றும் குறைத்து, வெளிச்சப் புள்ளியைப் பாதியளவே குறைத்து, கண்ணையும் புருவத்தையும் மட்டும் சிறிது கூர்மையாக்கினோம். கன்னத்தில் மணல் தூவினாற்போன்ற தோற்றம் கொஞ்சம் நின்றது. அச்சிட்ட படத்தை அந்தத் தாயின் கையில் கொடுத்தோம். அவர் ஒன்றும் பேசவில்லை. விரலை நீட்டி, இடப்புருவத்துத் தழும்பைத் தடவினார். பிறகு அழுதார்.

நமது குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். இறந்தோரின் படங்களைத் திருத்துமுன் மூலத்தை வேறொரு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். பிறருக்கு அனுப்பும்போது, சுருங்காதவாறு 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். முகத்தை அழகாக்கித் தருவதாகச் சொல்லும் கருவியிடம் கொடுத்தால், திரும்பி வந்த படத்தை அவரை நன்கறிந்த ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். சிலுவைப்பாதையின் ஆறாம் நிலையில் நாம் நினைவுகூரும் வெரோணிக்கா, ஆண்டவரின் முகத்திலிருந்து தூசியையும் குருதியையுமே துடைத்தார். முகம் முகமாகவே துணியில் பதிந்தது. நாம் துடைக்கும்போதும் அவ்வாறே ஆகுக.