பழைய ரம்பத்திற்குப் புதிய காப்பு

உறையூர்த் தறிகளுக்குச் சட்டமும், ஸ்ரீரங்கத்து வீடுகளுக்குக் கதவும் செய்து தரும் தச்சுப் பட்டறைகளில் பழைய வட்ட ரம்பங்கள் இன்னும் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் பலவற்றில் காப்பு உறுப்புகள் இல்லை. அண்மையில் ஒரு பட்டறையின் கணக்கைப் பார்வையிட்டேன். ரம்பத் தகட்டுக்குப் பற்று எழுதப்பட்டிருந்தது. காப்புக்கு ஒரு காசும் இல்லை. "யந்திரம் செய்த கம்பெனியே மூடிவிட்டது, உறுப்புக்கு எங்கே போவது?" என்றார் தச்சர். அவர் இடக்கையில் இரு விரல்கள் இல்லை.

முதன்மையான உறுப்பு, ரம்பத்தின் பின்னால் நிற்கும் பிளவுத் தகடு. அறுபட்ட மரம் மீண்டும் நெருங்கி ரம்பத்தைக் கவ்வினால், பின்பற்கள் அதைத் தூக்கித் தச்சர் மீது எறியும். தள்ளிய கை ரம்பத்தில் விழும். பிளவு மூடாமல் காப்பது இத்தகடே.

இதற்குக் கம்பெனி வேண்டுவதில்லை. சரியான அளவு வேண்டும். தகடு ரம்பத்தின் உடலைவிடத் தடித்தும், பற்கள் அறுக்கும் பிளவைவிட மெலிந்தும் இருத்தல் வேண்டும். உடல் 2.2 மில்லிமீட்டர், பிளவு 3.2 மில்லிமீட்டர் எனின், 2.5 மில்லிமீட்டர் எஃகுத் தகடு பொருந்தும். முன்விளிம்பு ரம்பத்தின் வட்டத்தை ஒட்டி வளைய வேண்டும். மேசை மட்டத்தில் பற்களுக்கும் அதற்கும் இடைவெளி 10 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. மின்சாரத்தைத் துண்டித்து அளவெடுத்து, அட்டையில் வடிவம் வெட்டி, அரியமங்கலம் அல்லது துவாக்குடித் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் கொடுத்துச் செய்விக்கலாம். ரம்பத்தின் மேல்மூடியையும் உடன் செய்வித்தல் நன்று.

யந்திரங்களுக்குக் காப்பு வேண்டுமென 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. அதன் எல்லைக்குள் வராத சிறு பட்டறையிலும் ரம்பத்தின் கூர்மை குறைவதில்லை. ஆகவே தச்சுப் பட்டறை நடத்தும் சங்கங்கள், அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இச்செலவை மராமத்துக் கணக்கில் அனுமதித்துத் தீர்மானம் இயற்றுமாறு வேண்டுகிறேன்.