ஆரல் கடல் வற்றியது, பறவைகளுக்கு என்ன நடந்தது?

2022 டிசம்பர் 9ஆம் திகதி வெள்ளிக்கிழமை நாடு முழுவதும் பாடசாலைகளுக்கு விடுமுறை விட்டார்கள். இந்தியப் பக்கமிருந்து காற்றோடு வந்த தூசும் புகையும் நம் வானத்தை மூடியிருந்தன. மறுபடி வகுப்பு தொடங்கிய அன்று தரம் ஏழில் ஒரு பிள்ளை எழுந்து கேட்டாள்: "சேர், எங்களுக்கு லீவு தந்தாங்க. குருவிகளுக்கு?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அது சிரிக்கும் கேள்வியல்ல. நம் நுரையீரலில் காற்று போன வழியாலேயே திரும்பி வருகிறது. பறவைக்கு அப்படியல்ல. அதன் உடம்பில் காற்றுப் பைகள் இருக்கின்றன. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதிய காற்று நுரையீரலுக்குள் ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். உயரப் பறப்பதற்கு அல்லாஹ் கொடுத்த வசதி அது. காற்று கெட்டால் அதே வசதி ஆபத்தாகிவிடும். பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சு வாயுவை அறிய 1986 வரை கனேரிக் குருவிகளை வைத்திருந்தது இதனால்தான்.

இருந்தாலும், தூசு பறவையை நேரடியாகக் கொல்வது குறைவு. அது முதலில் கை வைப்பது பறவையின் சாப்பாட்டிலும் கூட்டிலும். இதை விளங்கிக்கொள்ள மத்திய ஆசியாவுக்குப் போக வேண்டும்.

இமாம் புகாரி பிறந்த மண்ணை அரபியில் 'மாவராஉன் நஹ்ர்', அதாவது ஆற்றுக்கு அப்பால் உள்ள பூமி என்பார்கள். அந்த ஆறுதான் ஆமு தர்யா. அதுவும் சிர் தர்யாவும் போய்ச் சேர்ந்த இடம் ஆரல் கடல். பெயர்தான் கடல், உண்மையில் ஏரி. 1960இல் அதன் பரப்பு ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீற்றர். நம் இலங்கை முழுவதையும் உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். சோவியத் ஆட்சி பருத்தி வயல்களுக்காக இரு ஆறுகளையும் திருப்பியது. நீர்மட்டம் இறங்கியது, உப்பு ஏறியது, மீன் செத்தது. மொய்னாக் துறைமுகத்தில் இன்று கப்பல்கள் மணலில் துருப்பிடித்து நிற்கின்றன.

வற்றிய அடித்தளத்தில் மிஞ்சியது உப்பு மட்டுமல்ல. பருத்தி வயல்களுக்கு அடித்த பூச்சிநாசினியும் பசளையும் ஆற்றோடு வந்து அங்கே படிந்திருந்தன. காற்று அதைக் கிளப்பியது. 1975இலேயே விண்வெளியில் இருந்து எடுத்த படங்களில் அந்தத் தூசு மண்டலம் தெரிந்தது. 2018 மே இறுதியில் வீசிய உப்புப் புயல் உஸ்பெகிஸ்தானின் மேற்குப் பகுதியை வெள்ளையாக்கியது. மே மாதம் பயிர் முளைக்கும் காலம், பறவைகள் அடைகாக்கும் காலமும்கூட.

இலைமேல் படியும் உப்புத் தூசு அதன் நுண்துளைகளை அடைக்கும், வெயிலையும் மறைக்கும். மண்ணில் உப்பு கூடினால் வேர் தண்ணீர் இழுக்க முடியாது. செடி வாடினால் பூச்சி குறையும், பூச்சி குறைந்தால் குஞ்சுக்கு ஊட்ட ஒன்றுமில்லை. ஆரலின் ஆற்று முகத்துவாரங்களில் ஒருகாலம் பரந்த நாணற்காடுகள் இருந்தன, கூழைக்கடாக்கள் அங்கே கூடு வைத்தன. தண்ணீர் போய், உப்பும் தூசும் வந்தபோது அந்த நாணல்களில் பெரும்பகுதி அழிந்தது.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு? மன்னார் வங்காலைக்கு ஒவ்வொரு வருடமும் வரும் ஊசிவால் வாத்துகளைப் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டின் குளிர்கால விருந்தாளிகள் பலவும் வருவது மத்திய ஆசியப் பறப்புப் பாதையால். மன்னாரில் ஜிபிஎஸ் கருவி பொருத்திய ஒரு கடற்பறவை 2021இல் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை போய்த் திரும்பியது. இத்தனை தூரத்தைப் பெரும்பாலான பறவைகள் ஒரே மூச்சில் கடப்பதில்லை. இடையில் இறங்கி இரை தின்ன நீர்நிலை வேண்டும். வழியில் ஓர் ஏரி வற்றினால், இங்கே வங்காலையை எவ்வளவு பாதுகாத்தாலும் அந்த இடைவெளி நிரம்பாது.

எல்லாத் தூசும் கெட்டது என்று நினைத்துவிட வேண்டாம். ஆபிரிக்காவின் சாட் நாட்டில் போடேலே என்ற பள்ளமும் ஒரு பழைய ஏரியின் அடித்தளம்தான். அங்கிருந்து கிளம்பும் தூசு அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டி அமேசன் காட்டில் விழுகிறது. மழை கழுவிக் கொண்டுபோகும் பொஸ்பரசுக்கு அது ஈடாகிறது. நாசாவின் கணிப்பில் சஹாராத் தூசு அமேசனுக்குக் கொடுக்கும் பொஸ்பரஸ் வருடம் சுமார் 22,000 தொன். ஆக, தூசு எதைச் சுமந்து வருகிறது, எவ்வளவு வருகிறது என்பதே கேள்வி. போடேலே பல்லாயிரம் வருடங்களில் தானாக வற்றியது. ஆரலை நாற்பது வருடத்தில் மனிதன் வற்றவைத்தான். எங்கள் ஊர்களில் களப்போரத்தைக் குப்பையால் நிரப்பிக் காணி பிடிப்பவர்களுக்கும் அந்தத் திட்டக்காரர்களுக்கும் அளவில்தான் வித்தியாசம் என்பது என் எண்ணம்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. கஸகஸ்தான் உலக வங்கியின் உதவியோடு 2005இல் கொக்-ஆரல் அணையைக் கட்டி முடித்தது. வட ஆரல் எதிர்பார்த்ததைவிட வேகமாக நிரம்பியது. உப்பு குறைந்தது, நன்னீர் மீன் திரும்பியது, மீன் பின்னால் பறவையும் வந்தது. தென்பகுதிக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. உஸ்பெகிஸ்தான் அங்கே காய்ந்த அடித்தளத்தில் பல இலட்சம் ஹெக்டெயரில் சக்ஸாவுல் என்ற பாலைவன மரத்தை நட்டு வருகிறது. அதன் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், தூசு கிளம்புவது குறையும். தண்ணீர் திரும்பாது.

அந்தப் பிள்ளைக்கு இவ்வளவையும் அடுத்த பாடவேளையில் சொன்னேன். "அப்ப மன்னாருக்கு வார வாத்து அங்க இறங்கினதா இருக்கலாமா சேர்?" என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன்.