திரையைக் கழற்றலாம், பொத்தானை?

பாட்டுக் கருவி சிறிதாக வேண்டுமென்றால் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். 2001இல் வந்த ஆப்பிளின் முதல் ஐபாடுக்குள் 1.8 அங்குல ஹார்ட் டிஸ்க் சுழன்றது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினால் பாட்டு தடுமாறிவிடக் கூடாதே என்று, அடுத்த 20 நிமிடப் பாட்டை முன்னதாகவே எடுத்துவைக்க 32 மெகாபைட் நினைவகம் தனியாகத் தேவைப்பட்டது. 2005 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் அறிமுகப்படுத்திய ஐபாட் ஷஃபிளில் சுழலும் பாகமே இல்லை. அதற்குப் பதில் ஃபிளாஷ் சில்லில் எலெக்ட்ரான்களைச் சிறைவைத்துத் தகவலைச் சேமிக்கிறார்கள். எவ்வளவு குலுக்கினாலும் பாட்டு நிற்காது. எடை 22 கிராம். பென் டிரைவ் போலக் கணினியில் நேராகச் செருகிக்கொள்ளலாம்.

சிடியில் 4 நிமிடப் பாட்டுக்குச் சுமார் 42 மெகாபைட் இடம் வேண்டும். காது கவனிக்காத ஒலிகளைக் கழித்துச் சுருக்கினால் 4 மெகாபைட் போதும். அதனால்தான் ஷஃபிளின் 512 மெகாபைட்டில் 120 பாட்டுகள் அடங்கின.

இவ்வளவோடு நிற்காமல் திரையையும் எடுத்துவிட்டார்கள். இடம், மின்சாரம், பணம் மூன்றும் மிச்சம். விலை 99 டாலர்தான். ஆனால் என்ன பாட்டு ஓடுகிறது என்று பார்க்க முடியாது, வேண்டியதைத் தேடி எடுக்கவும் முடியாது. வரிசையாகக் கேட்கலாம், இல்லையென்றால் கருவி கலைத்துப்போடுவதைக் கேட்கலாம். வாழ்க்கையே அப்படித்தானே என்று விளம்பரம் செய்தது நிறுவனம். சாமர்த்தியம்தான்!

இப்படிக் கலைத்துப்போடுவதில் ஒரு வேடிக்கை உண்டு. 12 பாடகர்கள், ஆளுக்கு 10 பாட்டு என்று 120 பாட்டுகளை ஏற்றியிருக்கிறீர்கள். ஒரு பாட்டு முடிந்ததும் அதே பாடகர் மறுபடி வரும் வாய்ப்பு 119இல் 9. பாட்டுக்குப் பாட்டு தாவும் இடங்களும் 119. ஆக, முழுப் பட்டியலையும் ஓடவிட்டால் சராசரியாக 9 இடங்களில் ஒரே குரல் அடுத்தடுத்து வரும். கேட்பவர்களோ, கருவிக்குப் பிடித்த பாடகர் இருக்கிறார் என்று சந்தேகப்பட்டார்கள். இது மனித மூளையின் பழைய வழக்கம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் பறக்கும் குண்டுகள் லண்டனில் குறிபார்த்து விழுவதாகப் பலர் நினைத்தார்கள். ஆர்.டி. கிளார்க் என்பவர் தெற்கு லண்டனை 576 கட்டங்களாகப் பிரித்து, அங்கே விழுந்த 537 குண்டுகளை எண்ணி, 1946இல் முடிவை வெளியிட்டார். குண்டே விழாத கட்டங்கள் 229. வெறும் தற்செயலாக இருந்தால் சுமார் 227 இருக்க வேண்டும் என்கிறது கணக்கு. ஆப்பிளும் கடைசியில் ஜனங்களின் வழிக்கே வந்தது: 2005இலேயே ஐடியூன்ஸ் மென்பொருளில், ஒரே பாடகர் அடுத்தடுத்து வருவதைக் குறைத்துக்கொள்ள வசதி செய்தது. தற்செயல்போலத் தோன்றுவதற்காகத் தற்செயலைக் குறைத்தார்கள்.

2006இல் ஷஃபிளின் அடுத்த மாடலில் சட்டையில் மாட்டும் கிளிப் வந்தது. எடை 16 கிராமுக்கும் கீழே. மின்னேற்றவும் பாட்டு ஏற்றவும் இயர்போன் துளையையே பயன்படுத்தினார்கள். இடம் மிச்சமானாலும் மின்னேறும்போது பாட்டு கேட்க வழியில்லை; அதற்கென்றே உள்ள இணைப்புச் சாதனம் தொலைந்தால் கருவி ஊமை.

ஓடுகிறவருக்குத் திரை எதற்கு? அதை நீக்கியது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். 2009இல் செய்ததுதான் அத்துமீறல். எடையை 10.7 கிராமுக்கு இறக்கி, பொத்தான்களை இயர்போன் கம்பிக்கு மாற்றினார்கள். ஒருமுறை அழுத்தினால் பாட்டு நிற்கும், இருமுறை என்றால் அடுத்தது, மும்முறை என்றால் முந்தையது. கம்பியில் பொத்தான் இல்லாத சாதாரண இயர்போனைப் போட்டால் ஒலியைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. சில்லு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கும். விரல் நுனி சுருங்குமா? 2010இல் வந்த 12.5 கிராம் மாடலில் பொத்தான்கள் திரும்பிவிட்டன. 2017 ஜூலையில் விற்பனை நிற்கும்வரை அந்த வடிவம் மாறவில்லை.

2009 மாடலில் வந்த நல்லது ஒன்று பிழைத்தது. பாட்டின் பெயரையும் பாடியவர் பெயரையும் கருவியே காதில் சொல்லும் வசதி அது. பேச்சைத் தயாரிக்கும் வேலையைக் கணினியே முடித்து, ஒலியாக அனுப்பிவிடும் என்பதால் குட்டிக் கருவிக்குச் சுமையில்லை. திரையை நம்ப முடியாத பார்வையற்றவர்களுக்கு இது பெரிய வசதி. முதலில் 14 மொழிகளில் பேசியது. அவற்றில் தமிழ் இல்லை.