குறுக்கிட்டால்தான் கம்ப்யூட்டர் ஓடும்!

பல்லாவரத்தில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் மகளுடன் வீடியோவில் பேசுவதற்காகச் சமீபத்தில்தான் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வாங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"தம்பி, பொண்ணு பேசுறது துண்டு துண்டா கேக்குது. மவுஸும் நடுநடுவுல நின்னுடுது. கடையில காட்டினேன். மதர்போர்டையும் ரேமையும் மாத்தணுமாம், பதினோராயிரம் ஆகுமாம். மாத்திடலாமா?" என்று கேட்டார்.

"இப்போதைக்கு எதுவும் மாத்தாதீங்க சார், நான் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிக் கூடவே இறங்கினேன். அன்று அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த கோளாறு இன்டரப்ட் சம்பந்தப்பட்டது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதிகம் கேள்விப்படாத சொல் இது. ஆனால் இந்த இன்டரப்ட் இல்லாமல் உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு எழுத்தைக்கூட டைப் செய்ய முடியாது. அது என்னவென்று முதலில் பார்ப்போம். சாரின் கம்ப்யூட்டருக்குப் பிறகு வருவோம்.

பாலும் குக்கரும்

அடுப்பில் பால் வைத்தால் பக்கத்திலேயே நிற்க வேண்டும். கண்ணை எடுத்தால் பொங்கிவிடும். அதே அடுப்பில் குக்கர் வைத்தால் நாம் நிற்பதில்லை. காய் நறுக்குவோம், பாத்திரம் கழுவுவோம். விசில் வந்ததும் போய் அடுப்பை அணைப்போம்.

சி.பி.யு.வும் இந்த இரண்டு வழிகளிலும் வேலை செய்யக்கூடியது. "கீபோர்டில் ஏதாவது அழுத்தினார்களா? மவுஸ் நகர்ந்ததா?" என்று அதுவே திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது பால் காய்ச்சுகிற வழி. இதற்குப் போலிங் என்று பெயர். தேவைப்படும்போது கீபோர்டே சி.பி.யு.வைக் கூப்பிடுவது குக்கர் வழி. அந்த விசில்தான் இன்டரப்ட்.

ஏன் குக்கர் வழி வேண்டும்? ஒரு சிறு கணக்குப் போடுவோம். நல்ல வேகத்தில் டைப் செய்பவர் வினாடிக்கு 5 எழுத்துகள் அடிப்பார். 3 கிகாஹெர்ட்ஸ் சி.பி.யு.வின் கடிகாரம் வினாடிக்கு 300 கோடி முறை துடிக்கிறது. அதாவது, ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் 60 கோடி துடிப்புகள். அத்தனை நேரமும் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தால் மற்ற வேலைகளை யார் செய்வது?

ஒரு கீயை அழுத்தும்போது நடப்பது

மீனம்பாக்கம் விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் பகுதிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விமானம் தலைக்கு மேல் போகும்போது பேச்சைச் சட்டென்று நிறுத்துவோம். சத்தம் அடங்கியதும், விட்ட வார்த்தையிலிருந்தே தொடர்வோம். சி.பி.யு.வும் இதையேதான் செய்கிறது.

நீங்கள் 'ஏ' கீயை அழுத்துகிறீர்கள். பல லேப்டாப்களில் இன்றும் இருக்கும் பழைய பி.எஸ்.2 முறைக் கீபோர்டை எடுத்துக்கொள்வோம். முதலில் கீபோர்டு கன்ட்ரோலர் இன்டரப்ட் சிக்னல் அனுப்புகிறது. சி.பி.யு. கையில் இருக்கும் கட்டளையை முடித்துவிட்டு, எந்த இடத்தில் நிறுத்தினோம் என்பதை மெமரியில் ஸ்டாக் என்ற பகுதியில் குறித்து வைக்கிறது. அடுத்து, எந்த எண்ணில் விசில் வந்தால் எந்த புரோகிராமை ஓட்ட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் அட்டவணையைப் பார்க்கிறது. இன்டெல், ஏ.எம்.டி. சி.பி.யு.க்களில் இந்த அட்டவணைக்கு 256 இடங்கள் வரை உண்டு.

அந்த இடத்தில் குறித்திருக்கும் புரோகிராம் கீபோர்டின் டிவைஸ் டிரைவரைச் சேர்ந்தது. அது ஓடி, கன்ட்ரோலரிடமிருந்து 30 என்ற எண்ணை வாங்கி வரிசையில் போடுகிறது. வேலை முடிந்தது. சி.பி.யு. விட்ட இடத்துக்குத் திரும்புகிறது. கையை எடுத்ததும் 158 என்ற எண்ணுடன் இன்னொரு இன்டரப்ட் வரும். 'கீயை விட்டுவிட்டார்' என்று அதற்குப் பொருள்.

கவனியுங்கள், கீபோர்டு அனுப்பியது எழுத்தை அல்ல, எண்ணை. அந்த 30 ஆங்கிலத்தில் 'ஏ' ஆவதும் தமிழ்99 முறையில் 'அ' ஆவதும் பிறகு சாப்ட்வேர் முடிவு செய்வது.

யு.எஸ்.பி. கீபோர்டில் ஒரு சிறு வித்தியாசம் உண்டு. அது தானாக விசில் அடிக்காது. யு.எஸ்.பி. கன்ட்ரோலர்தான் சில மில்லிசெகண்டுகளுக்கு ஒருமுறை அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். சேதி கிடைத்தால் கன்ட்ரோலர் சி.பி.யு.வுக்கு இன்டரப்ட் அனுப்பும். சி.பி.யு.வுக்குப் பதில் இன்னொருவர் பால் அடுப்பருகே நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டுக் கம்பியில் தொடங்கிய கதை

1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் இன்டரப்ட்டுக்கு மொத்தம் 8 கம்பிகள்தான் இருந்தன. அவற்றை ஐ.ஆர்.க்யூ. என்றார்கள். டைமருக்கு 0, கீபோர்டுக்கு 1, பிளாப்பிக்கு 6. 1984-ல் வந்த ஏ.டி. மாடலில் இரண்டாவது சிப் சேர்த்து 16 ஆக்கினார்கள். அந்தச் சிப்பை முதல் சிப்புடன் இணைக்கவே ஒரு கம்பி செலவானதால் பயன்பட்டது 15தான்.

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களைக் கேட்டால் 'ஐ.ஆர்.க்யூ. மோதல்' பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். சவுண்ட் கார்டும் பிரின்டர் போர்ட்டும் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டால் இரண்டில் ஒன்று வேலை செய்யாது. கார்டில் இருக்கும் ஜம்பர் என்ற குட்டி இணைப்பைப் பிடுங்கி வேறு இடத்தில் செருக வேண்டும்.

இன்று அந்தத் தொல்லை இல்லை. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் கார்டுகள் தனிக் கம்பி இல்லாமல், ஒரு குறிப்பிட்ட முகவரியில் ஒரு எண்ணை எழுதியே சி.பி.யு.வைக் கூப்பிடுகின்றன. நீங்களே பார்க்கலாம். டிவைஸ் மேனேஜரைத் திறந்து, வியூ மெனுவில் ரிசோர்சஸ் பை டைப் என்பதைத் தேர்ந்தெடுத்து, இன்டரப்ட் ரெக்வஸ்ட் என்ற வரியை விரியுங்கள். சில எண்களுக்கு முன் மைனஸ் குறி இருக்கும். பயப்பட வேண்டாம், அது பிழை அல்ல. கம்பி இல்லாமல் கூப்பிடும் சாதனங்களை விண்டோஸ் அப்படித்தான் காட்டுகிறது.

இது வெளிநாட்டுச் சிப்களின் கதை மட்டும் அல்ல. பல்லாவரத்தில் ரயில் ஏறினால் சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய கிண்டிப் பக்கம் இருக்கும் சென்னை ஐ.ஐ.டி.யில் 'சக்தி' என்ற பிராசஸர் உருவானது. 2018-ல் சக்தி வரிசைச் சிப் ஒன்றில் லினக்ஸ் ஓடியது. அது பின்பற்றும் ரிஸ்க்-5 முறையில், எல்லாச் சாதனங்களின் விசில்களையும் வாங்கி, எது அவசரம் என்று வரிசைப்படுத்திச் சி.பி.யு.வுக்கு அனுப்பும் கன்ட்ரோலர் ஒன்று உண்டு. 1,023 இன்டரப்ட்கள் வரை அதில் இணைக்க இடம் இருக்கிறது.

விசிலுக்குப் போனவர் திரும்ப வேண்டும்

சி.பி.யு. ஒரு இன்டரப்ட்டைக் கவனிக்கும்போது மற்ற வேலைகள் காத்திருக்கும். அதனால் டிரைவர் எழுதுபவர்களுக்கு முதல் பாடமே 'சீக்கிரம் முடி' என்பதுதான். குக்கர் விசில் வந்ததும் நாம் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிவிடுவோம். மூடியைத் திறந்து பரிமாறுவதெல்லாம் பிறகு. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலும் இப்படி வேலையை இரண்டாகப் பிரிக்கிறது. உடனடிப் பகுதியை விண்டோஸில் ஐ.எஸ்.ஆர். என்றும், தள்ளிவைத்த பகுதியை டி.பி.சி. என்றும் சொல்வார்கள். லினக்ஸில் இவற்றுக்கு மேல் பாதி, கீழ்ப் பாதி என்று பொருள்படும் பெயர்கள் உண்டு.

ஐ.எஸ்.ஆர். 25 மைக்ரோசெகண்டுக்குள்ளும் டி.பி.சி. 100 மைக்ரோசெகண்டுக்குள்ளும் முடிய வேண்டும் என்பது டிரைவர் எழுதுபவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் அளவு. 100 மைக்ரோசெகண்டு என்பது ஒரு வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இதை மதிக்காத டிரைவர் ஒன்று இருந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது ஒலிதான். விண்டோஸ் சாதாரணமாக 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஒலித் தகவலை நிரப்பி அனுப்புகிறது. அந்த நேரத்துக்குள் நிரப்ப முடியாவிட்டால் 'கிர்ர்' என்று அறுந்து கேட்கும்.

விசில் ஓயாமல் வந்தால்?

சரி, ஒவ்வொரு விசிலும் சின்ன வேலைதான், ஆனால் லட்சக்கணக்கில் வந்தால்? ஒரு கிகாபிட் நெட்வொர்க்கில் மிகச் சிறிய பாக்கெட்டுகள் வினாடிக்கு 14.88 லட்சம் வரை வரலாம். ஒவ்வொன்றுக்கும் இன்டரப்ட் என்றால் சி.பி.யு. விசிலுக்கு ஓடுவதிலேயே நேரம் கழித்துவிடும். பாக்கெட்டில் இருப்பதைப் படிக்க நேரமே இருக்காது.

இந்த நிலையை ஜெஃப்ரி மோகல், கே.கே.ராமகிருஷ்ணன் இருவரும் 1996-ல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்து தீர்வும் சொன்னார்கள். கல்யாண வீட்டில் நாம் செய்வதுதான் அது. விருந்தினர் ஒவ்வொருவரும் காலிங்பெல் அடித்தால் தாங்குமா? முதல் மணிக்குப் பிறகு கதவைத் திறந்தே வைத்துவிட்டு, கூட்டம் ஓய்ந்ததும் சாத்துவோம். முதல் இன்டரப்ட் வந்ததும் மற்றவற்றை நிறுத்திவிட்டு, வரிசை காலியாகும் வரை போலிங் முறையில் எடுப்பது நல்லது என்றார்கள். லினக்ஸின் நெட்வொர்க் டிரைவர்கள் இன்று பெரும்பாலும் இப்படித்தான் இயங்குகின்றன.

சாரின் கம்ப்யூட்டரில் என்ன இருந்தது?

நானும் முதலில் இன்டர்நெட் லைனைத்தான் சந்தேகப்பட்டேன். அரை மணி நேரம் வீண். பிறகுதான் ஹார்டு டிஸ்கிலேயே இருந்த ஒரு பழைய பாட்டைப் போட்டுப் பார்த்தேன். அதுவும் அறுந்து அறுந்து கேட்டது. அப்படியென்றால் கோளாறு லைனில் இல்லை, கம்ப்யூட்டருக்கு உள்ளேதான்.

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். பிராசசஸ் பட்டியலில் சிஸ்டம் இன்டரப்ட்ஸ் என்ற வரிக்கு எதிரே 20 சதவீதத்துக்கு மேல் காட்டியது. சாதாரணமாக 1 சதவீதத்தைக்கூடத் தொடாது. பார்ப்பதற்கு 20 சின்ன எண்தான். ஆனால் அவருடைய சி.பி.யு.வில் நான்கு கோர்கள். நூற்றில் 25 என்றாலே ஒரு முழு கோர். கிட்டத்தட்ட ஒரு கோர் முழுவதும் விசிலுக்கே ஓடிக்கொண்டிருந்தது!

"சார், சமீபத்தில் புதிதாக ஏதாவது மாட்டினீர்களா?" என்று கேட்டேன். எங்கள் ஊர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய யு.எஸ்.பி. வைஃபை அடாப்டரைக் காட்டினார். டிவைஸ் மேனேஜரில் அதை டிஸேபிள் செய்தேன். சில வினாடிகளில் 20 என்பது 0.3 ஆனது. பாட்டு தெளிவாக ஓடியது. அடாப்டரில் குறையில்லை. அதனுடன் வந்த சி.டி.யில் இருந்த பழைய டிரைவர்தான் காரணம். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய டிரைவரைப் போட்டதும் எல்லாம் சரியானது. அன்று மாலையே மகளுடன் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். பதினோராயிரமும் மிச்சம்.

நீங்கள் செய்ய வேண்டியது

1. ஒலி அறுந்தாலோ மவுஸ் திக்கினாலோ, பாகம் மாற்றுவதற்கு முன் டாஸ்க் மேனேஜரில் சிஸ்டம் இன்டரப்ட்ஸ் வரியைப் பாருங்கள். அது வைரஸ் அல்ல, தனி புரோகிராமும் அல்ல. அதை நிறுத்த முயல வேண்டாம்.

2. எண் தொடர்ந்து அதிகமாக இருந்தால் வெளியில் மாட்டிய யு.எஸ்.பி. சாதனங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

3. பிறகு டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க், சவுண்ட் சாதனங்களை ஒவ்வொன்றாக டிஸேபிள் செய்து பார்த்துவிட்டு, மீண்டும் எனேபிள் செய்யுங்கள். டிஸ்க், டிஸ்பிளே, சிஸ்டம் பிரிவுகளில் கை வைக்காதீர்கள்.

4. குற்றவாளி தெரிந்ததும் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் டிரைவரை இறக்குங்கள். டிரைவர் மாற்றியும் எண் குறையாவிட்டால் அந்தச் சாதனமோ கேபிளோ பழுதாக இருக்கலாம்.

5. நீலத்திரையில் (விண்டோஸ் 11-ன் புதிய பதிப்புகளில் கறுப்புத் திரையில்) டி.பி.சி. வாட்ச்டாக் வயலேஷன் என்று வந்தால், யாரோ விசிலுக்குப் போனவர் குறித்த நேரத்தில் திரும்பவில்லை என்று பொருள். ஐ.ஆர்.க்யூ.எல். நாட் லெஸ் ஆர் ஈக்வல் என்று வந்தால், அவசர வேலையின் நடுவில் ஒரு டிரைவர் தொடக்கூடாத மெமரியைத் தொட்டிருக்கலாம். சில சமயம் ரேம் பழுதாலும் இது வரும். எனவே முதலில் டிரைவர், பிறகு ரேம் என்ற வரிசையில் சோதியுங்கள்.

கடைக்காரர் பாகம் மாற்றச் சொன்னால், "டிரைவரைப் பார்த்தீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தக் குறுக்கீட்டில் தவறே இல்லை!