ஆலையில் ஆட்குறைப்பு, நம் கடையில் பற்றுப் பாக்கி

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆலையின் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டுவதற்கு முன்பே நம் பற்று நோட்டுக்குச் செய்தி வந்துவிடும். ஐந்து லிட்டர் எண்ணெய் டின் வாங்கிய குடும்பம் ஒரு லிட்டர் பாக்கெட்டுக்கு இறங்கும். மாதச் சாமான் வாரச் சாமானாகும். "அண்ணாச்சி, முந்திரி இந்த மாசம் வேண்டாம்" என்பார்கள். வேலை போனவர் மட்டுமா இப்படிச் சுருக்குகிறார்? வேலையில் இருப்பவரும்தான் சுருக்குகிறார். அவருக்குச் சம்பளத்தில் ஒரு பைசா குறைந்திருக்காது. அடுத்த பட்டியலில் தன் பெயர் வருமோ என்ற பயம்தான் காரணம்.

வடசென்னைக் கடைத்தெருக்கள் ஆலைகளை நம்பி வளர்ந்தவை. எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே 1955-ல் திருவொற்றியூர்ப் பக்கம் என்ஃபீல்டு வந்தது. எம்.ஆர்.எஃப். 1946-ல் இங்கே ஒரு கொட்டகையில் பலூன் செய்துதான் பிழைப்பைத் தொடங்கியது. ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினால் கடை வாசலில் சைக்கிள் நிறுத்த இடம் இருக்காது.

ஆலை ஒரேயடியாக மூடினால் அது ஒரு வகைக் கஷ்டம். பெரம்பூர் பின்னி ஆலை 1996-ல் மூடியதையும், எண்ணூர் அனல் மின் நிலையம் 2017 மார்ச்சோடு நின்றதையும் நாம் பார்த்தோம். அழுதாலும் கணக்கை முடித்துவிடலாம். மூடாமலும் முழுதாக ஓடாமலும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்புது மாற்றம் என்று சொல்லிக்கொண்டே இருப்பது வேறு வகை. அதற்குக் கணக்கு முடிப்பது எப்படி?

2019 செப்டம்பரை மறந்திருக்க மாட்டோம். லாரி, பஸ் விற்பனை நாடெங்கும் படுத்துவிட்டது. அந்த ஒரு மாதத்தில் எண்ணூர் லேலண்ட் ஆலைக்கு 16 நாள் வேலையில்லா நாளாக அறிவிக்கப்பட்டது. ஓசூருக்கு 5 நாள். நிரந்தரத் தொழிலாளி எப்படியோ சமாளிப்பார். ஒப்பந்தத் தொழிலாளிக்கும், உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைக்காரருக்கும் வேலை இல்லாத நாள் என்றால் வரும்படி இல்லாத நாள். நம் கடைகளில் சில்லறைப் பற்று வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் அவர்கள்தானே.

என்ஃபீல்டு கதை இன்னும் விசித்திரமானது. 1994-ல் ஐஷர் குழுமத்தோடு இணைந்தது. 2000 வாக்கில் விற்றுவிடுவதா மூடிவிடுவதா என்ற பேச்சு வந்து, பிறகு பிழைத்துக்கொண்டது. இன்று உலகமெங்கும் வண்டி போகிறது. ஆனால் புதிய ஆலைகள் 2013-ல் ஒரகடத்திலும் 2017-ல் வல்லம் வடகாலிலும் எழுந்தன. கம்பெனி வளர்ந்தது உண்மை. புதிய வேலை காஞ்சிபுரத்துப் பக்கம் போனதும் உண்மை. இராயபுரத்துக்காரர்களுக்கும் இந்த அனுபவம் உண்டு. உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் 2011 அக்டோபரோடு நிலக்கரி நின்றது. வீட்டுக்குள் கரித்தூள் படிவது குறைந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். கரி லாரிகளை நம்பியிருந்த டீக்கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் அந்தச் சந்தோஷம் பாதிதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கடன் கொடுக்கும் நாமும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. லே-ஆப் காலத்தில், ஓராண்டு முடித்துப் பதிவேட்டில் உள்ள தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதி உண்டு. பதிலிக்கும் தற்காலிகக்காரருக்கும் இல்லை. ஆட்குறைப்பு என்றால் பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். நூறு பேருக்கு மேற்பட்ட ஆலை ஆட்குறைப்புச் செய்ய அரசின் முன் அனுமதி வேண்டும் என்றிருந்தது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அதை முந்நூறு ஆக்கிவிட்டது. நடுத்தர ஆலைத் தொழிலாளியின் முகம் வாடியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதே நாளில் வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் வந்தாக வேண்டும். பெரிய ஆலைகளுக்கு முன்பு 10 வரை இருந்தது. பத்தாம் தேதிக் கெடு எழுதி வைத்திருப்பவர்கள் நோட்டைத் திருத்திக்கொள்ளலாம்.

விருப்ப ஓய்வுப் பணம் பற்றியும் ஒரு வார்த்தை. மொத்தமாகப் பணம் கைக்கு வந்ததும் பலருக்கு முதலில் தோன்றுவது மளிகைக் கடைதான். நம்மிடம் யோசனை கேட்டு வந்தால், போட்டி என்று எண்ணி மழுப்ப வேண்டாம். நின்று போகும் சரக்கு எவ்வளவு, கடன் எவ்வளவு, கொத்தவால் சாவடிக்கு எத்தனை நாளில் பணம் கட்ட வேண்டும் என்பதைப் புட்டுப் புட்டு வைப்போம். பற்று பாக்கி உள்ளவரிடமும் அப்படியே. பாக்கியை நாமாக நிறுத்துவதைவிட, "உங்க செக்‌ஷன்ல என்ன பேச்சு?" என்று கேட்டு, அரிசி பருப்புக்கு மட்டும் ஒரு வரம்பு பேசிக்கொள்வதே வழி. பெரும்பாலானவர்கள் ஒளிக்காமல் சொல்கிறார்கள். சொன்னவர் பாக்கியும் மெதுவாக வந்து சேர்கிறது.

ஆலை முதலாளிகளைப் பேசும்போது நம் கல்லாப் பக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது. நமக்குத் தெரிந்த ஒரு கடையில், சாமானை வாடிக்கையாளரே எடுத்துக்கொள்ளும் முறைக்கு மாற்ற முடிவு செய்தார்கள். கடைப் பையன்கள் மூன்று பேரையும் அனுப்பும் எண்ணம் முதலாளிக்கு இல்லவே இல்லை. ஆனால் அவர்களிடம் அதைச் சொல்லவில்லை. அளவெடுக்க வந்த தச்சர் மூலம் அவர்களுக்கு விஷயம் தெரிந்தது. பொட்டலம் மடிக்கிற வேலையே இருக்காதாம் என்று பேச்சு. இரண்டு பேர் தீபாவளிக்கு முன்பே வேறு கடை பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தத் தீபாவளிக்கு முதலாளியும் அவர் மகனும்தான் நின்று மூட்டை பிரித்தார்கள்.