பிரகாஷ்: ஒரே ஒரு மேடை ஏறிய பேண்ட்

போன வாரம் ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி போகும் பஸ்ஸில் ஒரு பெண் கிட்டார் பையோடு ஏறினாள். அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் பின் சீட்டிலிருந்து நாலைந்து கமெண்ட் வந்துவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை, சும்மா சிரிப்புக்குத்தான். அவள் இயர்போனை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் பேசாமல்தான் உட்கார்ந்திருந்தேன். அன்று ராத்திரி 'பிரகாஷ்' பற்றி எடுத்து வைத்திருந்த பழைய குறிப்புகளைத் தேடி எடுத்தேன்.

பிரகாஷ் என்றதும் ஆள் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். அது காஷ்மீரில், ஸ்ரீநகரில் 2012இல் உருவான ராக் பேண்ட். நம்முடைய 'பிரகாசம்' என்ற அதே சொல்தான். மூன்றே பேர், மூவரும் பள்ளி மாணவிகள். ஒருத்தி பாடிக்கொண்டே கிட்டார், ஒருத்தி பேஸ் கிட்டார், ஒருத்தி டிரம்ஸ். அவர்கள் பெயர்கள் அப்போது எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. ஒதுங்கிப் போன பிள்ளைகளை மறுபடி இழுக்க வேண்டாம் என்று இங்கே எழுதவில்லை.

2012 டிசம்பரில் ஸ்ரீநகரில் நடந்த பேண்டுகளுக்கான போட்டியில் வாசித்துப் பரிசும் வாங்கினார்கள். அதுதான் அவர்களுடைய முதல் பொது மேடை. கடைசி மேடையும் அதுவேதான்.

அதற்குப் பிறகு ஃபேஸ்புக்கில் வசவு ஆரம்பித்தது. முதலில் கிண்டல், அப்புறம் ஆபாசம், அப்புறம் மிரட்டல். அன்றைய முதல்வர் உமர் அப்துல்லா ட்விட்டரில் அந்தப் பெண்களுக்கு ஆதரவாக எழுதினார். 2013 பிப்ரவரி தொடக்கத்தில் காஷ்மீரின் தலைமை முஃப்தி, இது இஸ்லாத்துக்கு எதிரானது என்று ஃபத்வா கொடுத்தார். சில நாட்களிலேயே பேண்ட் கலைந்தது.

பெண்கள் பாடுவது காஷ்மீருக்குப் புதிது ஒன்றும் இல்லை. ராஜ் பேகம் 1950களிலிருந்தே ஸ்ரீநகர் வானொலியில் பாடியவர். 2002இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அப்படியானால் இந்த மூன்று பேர் விஷயத்தில் மட்டும் என்ன வித்தியாசம்? எனக்குத் தோன்றுவது இது: வானொலியில் குரல் மட்டும்தான் வீட்டுக்குள் வரும். இங்கே முகமும் டிரம்ஸும் வீடியோவாகப் பரவின. அதோடு, திட்ட நினைத்த ஒவ்வொருவனுக்கும் கீழேயே ஒரு கமெண்ட் பெட்டி இருந்தது. அந்த மாதிரிப் பெட்டிகளைக் கட்டித் தருகிற தொழிலில் இருப்பவன் நான். அதனால் இது உறுத்துகிறது.

இதில் பலர் மறந்துபோன ஒரு பகுதி உண்டு. மிரட்டியவர்கள் மீது போலீஸ் வழக்குப் போட்டது, சிலரைக் கைதும் செய்தது. போட்ட பிரிவுகளில் ஒன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ. இணையத்தில் 'எரிச்சலூட்டும்' செய்தி அனுப்பினால்கூட மூன்று வருடம் வரை சிறை என்று சொன்ன பிரிவு அது. எரிச்சல் என்றால் என்ன என்று எங்கேயும் வரையறை கிடையாது. இப்படி ஒரு ஸ்பெக் வந்தால் எங்கள் டீமில் திருப்பி அனுப்பிவிடுவோம்.

மூன்று மாதம் முன்பு, 2012 நவம்பரில், இதே 66ஏ வேறொரு இடத்தில் பாய்ந்தது. பால் தாக்கரே இறந்தபோது மும்பை முடங்கியதைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதிய ஒரு பெண்ணும், அதற்கு லைக் போட்ட இன்னொரு பெண்ணும் பால்கரில் கைதானார்கள். அங்கே பேசிய பெண்களைப் பிடித்த சட்டம், இங்கே பெண்களைக் காப்பாற்ற வந்தது. காப்பாற்றவும் முடியவில்லை. 2015 மார்ச் 24 அன்று, ஷ்ரேயா சிங்கால் என்ற சட்ட மாணவி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. ரத்தானது சரிதான் என்பது என் கருத்து. மிரட்டலைத் தண்டிக்க வேறு பிரிவுகள் இருக்கின்றன.

ஆனால் பிரகாஷுக்குத் தேவைப்பட்டது சட்டம் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். இரண்டாவது மேடை ஒன்று வேண்டியிருந்தது. பக்கத்துப் பெங்களூரிலேயே கடம் வாசிக்கும் சுகன்யா ராம்கோபால் இருக்கிறார், மயிலாடுதுறையில் பிறந்த தமிழ்ப் பெண். பெண் கடம் வாசித்தால் கூட மேடை ஏற மாட்டோம் என்ற வித்வான்களைப் பார்த்தவர். அவர் பெண்களை மட்டுமே சேர்த்து 'ஸ்த்ரீ தாள் தரங்' என்ற குழுவை அமைத்தார். அவருக்கு அடுத்த கச்சேரி கிடைத்தது, அதற்கடுத்ததும் கிடைத்தது. அந்த மூன்று பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை.

அந்தக் கிட்டார் பெண் பொம்மசந்திராவில் இறங்கிவிட்டாள். எந்த பேண்ட், எங்கே வாசிக்கிறார்கள் என்று அவளிடம் கேட்டிருக்கலாம்.